களையும் அயலும்: பயிர்நிலத்துப் பகைச்செடிகள் குறித்து ஓர் இலக்கிய நோக்கு

தோற்றுவாய்

உழவைப் போற்றாத தமிழ் இலக்கியம் இல்லை எனலாம். ஏரையும் எருதையும், நாற்றையும் நடவையும், கதிரையும் களத்தையும் பாடிய புலவர் பலர். பொங்கல் மலருக்குக் கட்டுரை எழுதப் புகும் எவரும் வள்ளுவரின் உழவு அதிகாரத்தைத் தொடாமல் செல்வதில்லை. ஆயினும் நடவுக்கும் அறுவடைக்கும் இடையே, நாள்கணக்கில் முதுகு வளையச் செய்யப்படும் ஒரு வேலை நம் திறனாய்வாளர் கண்ணில் அதிகம் படவில்லை. அதுவே களையெடுப்பு.

இன்று அந்த வேலை புதிய வடிவில் நம் முன் வந்து நிற்கிறது. இராமநாதபுரத்துக் கண்மாய்களிலும் புன்செய்களிலும் சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது. மானாவாரி நிலங்களிலும் சாலையோரங்களிலும் பார்த்தீனியம் வெள்ளைப் பூவுடன் தலையாட்டுகிறது. குளங்களை ஆகாயத்தாமரை மூடுகிறது. மலைச்சரிவுகளை உண்ணிச்செடி அடைக்கிறது. இவற்றைப் பற்றிச் செய்தித்தாள் எழுதுகிறது, நீதிமன்றம் ஆணையிடுகிறது, கவியரங்கம் கொதிக்கிறது. செடியை ஆராய்வது தாவரவியலார் பணி. செடியைப் பற்றி நாம் பேசும் சொல்லை ஆராய்வது இலக்கிய மாணவர் பணி. சொல் தடுமாறினால் செயலும் தடுமாறும்; அத்தடுமாற்றத்தின் விலையைக் கொடுப்பவர் மேடையில் பேசுவோர் அல்லர், வயலில் நிற்கும் உழவரே. ஆகவே இதனைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட இயலாது.

களை என்னும் சொல்

தமிழில் களை என்பது பெயரும் ஆகும், வினையும் ஆகும். களையப்படுவது களை. இச்சொல்லில் ஒரு நுட்பம் பொதிந்திருக்கிறது. நெல், கரும்பு, வாழை என்பன செடிகளின் பெயர்கள். களை என்பது எந்தச் செடியின் பெயரும் அன்று. உழவன் ஒரு செடியிடம் கொண்ட உறவின் பெயர். நெல்வயலில் முளைத்த கம்பும் களையே; கம்பங்கொல்லையில் முளைத்த எள்ளும் களையே. இடமும் காலமும் பயிரும் சேர்ந்தே ஒன்றைக் களையாக்குகின்றன.

பழைய களைகளை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை மேலும் விளங்கும். அறுகு வயலில் களை. பூசையறையில் பிள்ளையாருக்கு உரியது. மணவறையில் வாழ்த்துக்கு உரியது. பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் கொல்லையில் களை, உலையில் குழம்பு. கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் வரப்பில் களை, வைத்தியரிடம் மருந்து. களையெடுக்கச் சென்ற பெண் மாலையில் மடியில் கீரையோடும், தலையில் மாட்டுக்குப் புல்லோடும் திரும்பினாள். களைந்ததில் பெரும்பகுதி வீணாகவில்லை. வயலுக்குப் பகையானது வீட்டுக்கு உறவாயிற்று.

பார்த்தீனியத்தை அப்படி மடியில் கட்டிக்கொண்டு வர முடியுமா? கையால் தொட்டுப் பறித்தால் பலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. அதன் மகரந்தம் மூச்சுத் திணறலைத் தூண்டுகிறது. மாடு அதனைப் பெரும்பாலும் தின்பதில்லை. தின்றால் பாலில் கசப்பு ஏறுகிறது. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கிறது. வயலுக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. பழைய களைக்கும் புதிய களைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பழைய களை உழவு வாழ்க்கையின் வட்டத்துக்குள் இருந்தது. புதியது அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. களை என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

வள்ளுவர் காட்டும் களை

திருக்குறளில் களை இரு இடங்களில் வருவது ஈண்டு நோக்கத்தக்கது. உழவு அதிகாரத்தில், உழுதல், எருவிடுதல், நீர்பாய்ச்சல், காவல் என்னும் வரிசையிடையே களைகட்டலும் பேசப்படுகிறது. அங்கே அது தொழில், உவமை அன்று. செங்கோன்மை அதிகாரத்தில் அதே தொழில் உவமையாகிறது. கொலை செய்யும் கொடியவரை வேந்தன் ஒறுத்தல், பசும்பயிரைக் காக்க உழவன் களை கட்டுவதோடு ஒக்கும் என்கிறார் வள்ளுவர்.

இவ்வுவமையில் களையாகக் காட்டப்படுபவர் யார்? வேற்று நாட்டார் அல்லர். வேற்று மொழியார் அல்லர். புதிதாக வந்து குடியேறியவர் அல்லர். கொலை என்னும் செயலால் கொடியவரானவர். பிறப்பிடம் பற்றி வள்ளுவர் வினவவில்லை; செய்கை பற்றியே வினவுகிறார். பயிரை நெருக்கி அழிப்பதால் களை. எங்கிருந்து வந்தது என்பதால் அன்று. இந்த ஒரு தெளிவு பிற்காலத்து எழுத்தில் எவ்வளவு தூரம் காக்கப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கம்பன் கழனியும் நெருஞ்சி முள்ளும்

களையைப் பற்றிய மிக அழகிய கற்பனை கம்பனுடையது. பாலகாண்டத்து நாட்டுப்படலத்தில் கோசல நாட்டு வயலைக் காட்டுகிறான். அங்கே களைகளாக முளைத்திருப்பவை உழத்தியரின் கண், கை, கால், முகம், வாய் ஆகியவற்றை ஒத்த மலர்கள். தம் பெண்டிரின் சாயலைக் களையிலே கண்ட உழவர் அவற்றைப் பறிக்க மனமின்றி உலவி நிற்கின்றனராம். நம் மொழியில் முகப்பொலிவுக்கும் களை என்றே பெயர். பொலிவாகிய களையும் பகையாகிய களையும் கம்பனின் வயலில் ஒன்றாகிவிடுகின்றன.

கற்பனை என்ற அளவில் இதற்கு ஈடு சொல்வது அரிது. கோசலம் என்பது காவிய நாடு. அங்கே களையாமல் விட்டாலும் விளைச்சல் குறையாது. மண்ணுலகில் நடந்தது வேறு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஆகாயத்தாமரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது அதன் ஊதாநிறப் பூவின் அழகுக்காகவே. சில பத்தாண்டுகளில் ஆறும் ஓடையும் வயலும் அதனால் மூடப்பட்டன. நெற்பயிரின்மேல் மிதந்து வந்து படிந்தது. படகு செல்ல வழியின்றிப் போயிற்று. அதை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் 1936ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உண்ணிச்செடியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாகவே வந்தது. பூவைக் கண்டு களையாது நின்றவர் கம்பனின் உழவர். இவ்விரண்டு செடிகளையும் பூவுக்காகக் கொண்டு வந்தவரோ உழவரே அல்லர், தோட்டக்காரரும் துரைமாருமே. துன்பம் மட்டும் உழவருக்கு வந்து சேர்ந்தது.

சங்க இலக்கியத்தில் இதற்கு எச்சரிக்கை போன்ற ஓர் உவமை உண்டு. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய பாட்டொன்றில் தலைவி தன் நெஞ்சின் நோவைச் சொல்கிறாள். நெருஞ்சி முதலில் கண்ணுக்கினிய பூவைக் காட்டிப் பின்னர் முள்ளைத் தருவதுபோல, முன்பு இனியனாக இருந்த தலைவன் இப்போது இன்னாதவனாகிவிட்டான் என்பது அவள் குறை. நெருஞ்சி நம் புன்செய்க் களை. புலவர் அதன் வரலாற்றை முழுமையாகக் கண்டிருக்கிறார். பூவோடு நின்றுவிடவில்லை, முள் வரும் காலம்வரை காத்திருந்து பார்த்திருக்கிறார். கம்பனின் பாட்டு ஒரு நொடியின் காட்சி. நன்முல்லையாரின் பாட்டு ஒரு பருவத்தின் அனுபவம். பகைச்செடிகளைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு இவ்விரண்டனுள் பின்னதே வழிகாட்டி என்பது என் துணிபு.

ஊர்கள் இட்ட பெயர்கள்

ஏட்டிலக்கியத்தை விட்டு மக்கள் வழக்குக்கு வருவோம். பெயரிடுதலும் ஒருவகைத் திறனாய்வே. ஒரு செடிக்கு ஊர்மக்கள் இட்ட பெயரில் அதைப் பற்றிய தீர்ப்பு அடங்கியிருக்கும்.

மைய அரசு அலுவலகத்தில் பணியாற்றுவோர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே அறையில் பல மாநிலத்தவரோடு பழகலாம். சீமைக் கருவேலத்தை அவரவர் ஊரில் எப்படி அழைக்கின்றனர் என்று உடன் பணிபுரிவோரைக் கேட்டால் விடைகள் வியப்பூட்டும். இந்தி பேசுவோர் விலாயதி கீக்கர் என்பர். விலாயதி என்றால் சீமை. இராசத்தான் பக்கத்தில் அதை அங்ரேஜி, அதாவது ஆங்கிலேய, கருவேலம் என்பதும் உண்டு. ஆந்திரர் சர்க்கார் தும்ம என்பர். அரசாங்கத்துக் கருவேலம் என்பது பொருள். கன்னடர் பள்ளாரி ஜாலி என்று பக்கத்து மாவட்டத்தின் தலையில் கட்டுவர். குசராத்தியர் காண்டோ பாவள் என்பர். பைத்தியம் பிடித்த கருவேலம் என்று பொருள்.

தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் என்பதோடு வேலிக்காத்தான் என்ற பெயரும் உண்டு. வேலியைக் காப்பது என்பது நன்றியுணர்ச்சி தோன்ற இட்ட பெயர். ஆடுமாடு புகாத முள்வேலி இலவசமாகக் கிடைத்த காலத்தில் அது பிறந்திருக்க வேண்டும். இன்னொரு பெயர் தலைநகரில் வாழும் நம்மைச் சற்றே திடுக்கிடச் செய்யும். தமிழகத்தின் சில பகுதிகளில் அதற்கு டெல்லி முள் என்று பெயர்! இங்கே தில்லியில் ரிட்ஜ் எனப்படும் பாறைமேடு முழுவதும் அதே மரம் காடாக நிற்கிறது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாறிவந்த பிறகு, மொட்டைப் பாறையைப் பசுமையாக்க ஆங்கில ஆட்சியார் வளர்த்தது அது. நம் ஊரார் அதை டெல்லியிலிருந்து வந்ததென்கின்றனர். டெல்லியார் அதை விலாயதியிலிருந்து வந்ததென்கின்றனர். இரண்டும் சரியன்று. அதன் தாயகம் மெக்சிகோவும் அதற்குத் தெற்கேயுள்ள அமெரிக்கப் பகுதிகளும்.

இப்பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் மூன்று வகை தெரியும். வேலிக்காத்தான் என்பது பயனைச் சொல்கிறது. காண்டோ பாவள் என்பது செயலைச் சொல்கிறது: கட்டுக்கடங்காமல் ஓடுவது. சீமை, டெல்லி, பள்ளாரி என்பன வந்த வழியைச் சொல்கின்றன. சர்க்கார் தும்ம என்பது மட்டும் யார் கொண்டுவந்தது என்று சொல்கிறது. திறனாய்வு என்ற முறையில் என் மதிப்பெண் அந்தத் தெலுங்குப் பெயருக்கே. மரம் தானாகக் கடல் தாண்டி வரவில்லை; கோப்பில் கையெழுத்தாகி வந்தது என்பதை அது மறவாமல் வைத்திருக்கிறது.

கோப்பு வழியே வந்த மரம்

வரலாறும் அதையே சொல்கிறது. 1876ஆம் ஆண்டு சென்னை மாகாண வனத்துறையின் பெடோம் என்னும் அதிகாரி, வறண்ட பகுதிகளில் வளர்க்க இம்மரத்தின் விதைகளைத் தருவிக்குமாறு வருவாய்த்துறைக்கு எழுதினார். மறு ஆண்டே விதைகள் வந்து கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டன. விறகுப் பஞ்சம் தீர வேண்டும், வறண்ட நிலம் பசுமையாக வேண்டும் என்ற நோக்கத்தில் தீமை இல்லை. விடுதலைக்குப் பின்னும் அதே நோக்கம் தொடர்ந்தது. குசராத்தின் கட்சுப் பகுதியில் பன்னி என்னும் பெரும் புல்வெளி உண்டு. உவர் பரவுவதைத் தடுக்க 1961ஆம் ஆண்டு அங்கே ஏறத்தாழ 31,000 ஹெக்டேரில் இம்மரத்தை வனத்துறை பரப்பியது. இன்று அங்கே மால்தாரி என்னும் மேய்ச்சல் மக்களின் புல்வெளியில் பெரும்பகுதி முள்வனமாகிவிட்டது. அதன் இனிப்பு நெற்று பசுவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் பலர் பசுவை விட்டு எருமைக்கு மாறினர்.

நெற்றைத் தின்ற ஆட்டின், மாட்டின் சாணத்தோடு விதை வெளியேறுகிறது; சாணமே எருவாகிறது. வெட்டினால் அடிமரத்திலிருந்து பல கிளைகள் கிளம்புகின்றன. முன்பு ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதர் நிற்கிறது. காக்கவும் வேண்டா, நீர் ஊற்றவும் வேண்டா. எந்தப் பண்புகளுக்காக அது தேர்ந்தெடுக்கப்பட்டதோ அந்தப் பண்புகளே பின்னர்த் தீமையாயின. நன்முல்லையாரின் நெருஞ்சியை நினைவுகூர்க.

இதற்கு முன்பே நாம் ஒரு பாடம் படித்திருந்தோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினியார் சப்பாத்திக் கள்ளியைச் சென்னைப் பகுதியில் வளர்த்தனர். சாய வணிகம் சரிப்படவில்லை. கள்ளி மட்டும் தங்கிவிட்டது. மாவட்டந்தோறும் மேய்ச்சல் நிலத்தை மூடிய மற்றொரு வகைக் கள்ளியை, 1926ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு பூச்சியே தின்று தீர்த்தது. பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்தவும் அவ்வாறே மெக்சிகோ நாட்டு வண்டொன்று 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. அதனால் சில இடங்களில் பயன் உண்டு, முழு விடுதலை இல்லை. அயலிலிருந்து வந்த பூச்சி அயலிலிருந்து வந்த செடியைத் தின்று உள்ளூர் உழவனுக்கு உதவிற்று. அயல் என்பதையே பகை என்று வைத்துக்கொண்டால் இக்கதைக்குப் பொருள் சொல்ல இயலாது.

உழவனின் வரவு செலவு

சீமைக் கருவேலம் உழவனுக்கு நன்மையா, தீமையா? மேடையில் ஒரே சொல்லில் விடை கிடைக்கும். ஊரில் அப்படிக் கிடைக்காது.

செலவுப் பக்கத்தை முதலில் பார்ப்போம். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் முள்ளால் அடைபடுகிறது. கண்மாயின் உட்பகுதியிலேயே மரம் மண்டுகிறது. நான்கு ஆண்டுகள் தரிசாகக் கிடந்த நிலத்தை மீண்டும் உழ வேண்டுமென்றால் வேரோடு பிடுங்கப் பொக்லைன் வைக்க வேண்டும்; அதன் வாடகை சிறு உழவரின் ஒரு போக வருமானத்தை விழுங்கக்கூடும். தான் ஒருவன் நிலத்தைத் துப்புரவாக வைத்திருந்தாலும், பக்கத்துத் தரிசில் புதர் நின்றால் விதை வந்துகொண்டே இருக்கும். அப்புதரில் பகலில் தங்கும் காட்டுப்பன்றி இரவில் பயிரைத் துவைக்கும். காலில் முள் தைத்துப் புண்ணாகிக் கிடப்போரும் உண்டு.

வரவுப் பக்கமும் வெறுமையன்று. மழை பொய்த்த மாவட்டத்தில் எதை விதைத்தாலும் நட்டம் என்னும் நிலையில், விதைக்காமலே வளர்ந்த இம்மரம் விறகாகவும் கரியாகவும் காசு தந்தது. வெட்டிய கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி மூடி, உள்ளே தீயிட்டுப் பல நாள் புகையவிட்டுக் கரியாக்குவர். அதற்கு மூட்டம் போடுதல் என்று பெயர். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளில் நிலமற்ற குடும்பங்கள் பல அந்த மூட்டத்தின் புகையிலேயே பிழைத்தன. எரிவாயு அடுப்பு வருமுன் ஏழை வீட்டு உலை கொதித்தது அந்த விறகால்தான். அது இல்லையெனில் நாட்டு மரங்கள் இன்னும் விரைவாக வெட்டப்பட்டிருக்கும் என்று வாதிடுவோரும் உண்டு.

ஆகவே ஒரே ஊரில் ஒருவனுக்குப் பகை மற்றொருவனுக்குப் பிழைப்பு. இந்தச் சிக்கலை நீதிமன்றமும் கண்டது. 2015ஆம் ஆண்டு வைகோ தொடுத்த வழக்கைத் தொடர்ந்து இம்மரங்களை அகற்றும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 2017 தொடக்கத்தில் ஊரெங்கும் வெட்டும் வேலை மும்முரமாக நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஆய்வின்றி ஒரேயடியாக வெட்டுதல் தகுமா என்ற வினா எழ, சென்னையில் இடைக்காலத் தடை பிறந்தது. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்கள் பற்றித் தனிக் கொள்கையொன்றை வகுத்தது. வெட்டு, நிறுத்து, வகு என்னும் இவ்வரிசையைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். வெட்டிய இடத்தில் என்ன நடப்போகிறோம், யார் காக்கப்போகிறார், கரிமூட்டக்காரர் எங்கே போவார் என்னும் வினாக்களுக்கு விடையின்றி வெட்டினால், அடுத்த மழைக்கு அதே மரம் புதராகக் கிளம்பும் என்பதை உழவர் நன்கறிவர்.

இக்கால எழுத்தின் மூன்று குறைகள்

இப்பொருள் பற்றி மேடைக் கவிதைகளும் துண்டறிக்கைகளும் ஏராளம். அவற்றில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் மூன்று குறைகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

முதற்குறை மிகைப்படுத்தல். இம்மரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையைத் தடுத்துவிடும் என்றும், அதன் அடியில் கட்டிய மாடு மலடாகிவிடும் என்றும் எழுதுகின்றனர். இவை நிறுவப்பட்ட ஆய்வு முடிவுகள் அல்ல. உண்மையான தீமைகளே போதுமானவை. வரத்துக்கால் அடைபட்டதைச் சொல்லுங்கள், தரிசு விரிந்ததைச் சொல்லுங்கள். பொய்யைச் சேர்த்தால் மெய்யும் ஐயத்துக்கு இடமாகும். பார்த்தீனியம் அமெரிக்கக் கோதுமையோடு வந்த சதி என்ற கதையும் இவ்வகைத்தே. 1950களின் நடுவில் பூனாவில் அது கவனிக்கப்பட்டது உண்மை. அதற்கு வெகுமுன்பே இந்தியத் தாவரத் தொகுப்புகளில் அச்செடி இடம்பெற்றிருந்தது என்பதும் உண்மை.

இரண்டாம் குறை பிறப்பைக் குற்றமாக்குதல். அந்நியச் செடி என்பதாலேயே அழிக்க வேண்டும் என்பது வாதம். அப்படியானால் மிளகாயை என்ன செய்வது? அது போர்த்துக்கீசியர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. இன்று அது இல்லாத தமிழ்ச் சமையல் உண்டா? நிலக்கடலையை ஆர்க்காட்டுப் பகுதி உழவர் மணிலா என்றே அழைக்கின்றனர். வந்த வழி பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தும், புன்செய் உழவனைக் கைதூக்கிவிட்ட பயிர் அது. மறுபுறம், நம் நாட்டுக்கே உரிய சம்பு வாய்க்காலை அடைத்துப் பாசனத்தைக் கெடுக்கிறது. அரசின் கொள்கைச் சொல்லில் அயல், ஊடுருவல் என இரண்டு சொற்கள் உள்ளன. அயல் என்பது பிறப்பு. ஊடுருவல் என்பது செயல். தீமை இரண்டாவது சொல்லில் இருக்கிறது. வள்ளுவர் செங்கோன்மையில் காட்டிய தெளிவு இதுவே.

இந்தக் குறை மொழிநயம் பற்றியது மட்டும் அன்று. இச்செடிகளுக்கு வந்தேறி என்று பெயரிட்டு எழுதுவோர் பெருகிவிட்டனர். செடிக்கு வழங்கிய சொல் செடியோடு நிற்பதில்லை. அடுத்த அடியில் மனிதர்மேல் பாய்கிறது. கவிதையில் மரத்தை வெட்டத் தொடங்கி, முடிவில் அயல் மாநிலத்துக் கூலித் தொழிலாளியை நோக்கிக் கோடரி ஓங்குவதைக் கேட்டிருக்கிறோம். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதன் சுவை தெரியும். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியரை வெளியேறச் சொல்லி எழுந்த முழக்கங்களை அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. அங்கே களை என்று கருதப்பட்டவர் நாம். வேலை தேடி வந்தவர், வாடகை கொடுத்து வாழ்பவர், வரி கட்டுபவர் எவரையும் களையென்று சொல்லும் உரிமையை வள்ளுவர் யாருக்கும் வழங்கவில்லை. நம் பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் அந்த உவமையைச் சொல்லிக் கைதட்டு வாங்கும்போது, பெற்றோராகிய நாம் அதைத் திருத்த வேண்டும்.

மூன்றாம் குறை மிகப் பெரியது. இவ்வெழுத்துகளில் களையெடுப்பவரைக் காணோம். மரம் இருக்கிறது, மண் இருக்கிறது, சீற்றம் இருக்கிறது. களைக்கொத்தோடு வெயிலில் குந்தி நகரும் பெண் இல்லை. நம் நாட்டில் களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலை. பார்த்தீனியத்தால் கை தடிப்பது அவளுக்கு. கருவேல முள் தைப்பது அவள் காலில். களைக்கொல்லி மருந்து வந்தால் கூலி போவதும் அவளுக்கே. பயிரை இழந்த உழவனையாவது சில கதைகள் காட்டுகின்றன. இவளைக் காட்டுபவை அரிது. கம்பன்கூட உழத்தியரை உவமைக்குள் மலராக வைத்தானே ஒழிய, களையெடுக்கும் கையாக வைக்கவில்லை. பெரும்புலவனைக் குறை கூறுவதாக எண்ணற்க. காவியத்தின் தேவை அது. நம் காலத்து எழுத்தின் தேவை வேறு.

செய்யத்தக்கது

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதியாக வெளியிட்டார். பின்னர்ப் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு அத்தகைய பணி செய்தார். அவ்வழியில் களைகளுக்கும் பகைச்செடிகளுக்கும் ஊர்தோறும் வழங்கும் பெயர்கள், அவற்றைக் களையும் முறைகள், கருவிகள், எடுத்த களை எங்கே போயிற்று என்னும் செய்திகள் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். சங்க உறுப்பினர் குடும்பங்கள் பல மாவட்டங்களைச் சேர்ந்தவை. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளைகள் பாட்டியிடமும் அத்தையிடமும் கேட்டுப் பத்துப் பெயர்கள் எழுதி வந்தாலும் அது பெரும் செல்வம். களையின் பெயர் தெரியாத தலைமுறை பயிரின் பெயரையும் விரைவில் மறந்துவிடும்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். தரிசு என்பது இயற்கையின் பிழையன்று. தண்ணீர் இல்லை, விலை இல்லை, ஆள் இல்லை என்று நிலத்தை விட்டுப் பிள்ளைகள் வெளியேறிய குடும்பங்களின் வயலில்தான் முள் முதலில் முளைக்கிறது. வெளியேறியது குற்றமன்று, பிழைப்புக்கு வேறு வழி இல்லாதபோது எவரும் அதையே செய்வர். ஆனால் ஊரில் கிடக்கும் நம் அரைக் காணி, கால் காணித் தரிசிலிருந்து கிளம்பும் விதை, ஊரிலேயே தங்கி உழுதுகொண்டிருக்கும் பங்காளியின் வயலில்தான் விழுகிறது. அந்த நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ ஒருவர் கையில் ஒப்படைத்தால், அல்லது ஆண்டுக்கொரு முறை துப்புரவு செய்யும் கூலியை அனுப்பிவைத்தால், அது அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. களை என்பது செடியின் இயல்பன்று, உறவின் பெயர். பழைய களை வாழ்வின் வட்டத்துக்குள் அடங்கியது. புதிய பகைச்செடிகள் அதற்குள் அடங்கவில்லை. அவை தாமாக வரவில்லை. நல்லெண்ணத்தோடும் அழகுணர்ச்சியோடும் வணிக ஆசையோடும் கொண்டுவரப்பட்டன. அவற்றால் வரும் துன்பம் மெய். அத்துன்பத்தின் காரணம் அவை பிறந்த நாடன்று, அவை செய்யும் செயலும் நாம் செய்யாத செயலுமே. வரத்துக்காலைத் தூர் வாராமல் விட்டது மரம் அன்று.

இப்பொருளைப் பாடப் புகும் இளங்கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள். மரத்தைத் திட்டுமுன் ஒரு நாள் களையெடுப்பவரோடு வயலில் இருந்து பாருங்கள். எந்தச் செடியை அவர் எறிகிறார், எதை மடியில் கட்டுகிறார், எதைத் தொட அஞ்சுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பிலிருந்து பிறக்கும் கவிதை உழவர்க்கும் உதவும், தமிழுக்கும் உதவும்.